ப்ரீகாபலினோடு மூன்று வருடம்

அறுபதை நெருங்கும்போது வலது விலாவில் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி முதலில் அக்கி எழுதத்தான் போனேன். குயவர் காவி குழைத்து எழுதிவிட்டார், குளிர்ச்சியாக இருந்தது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையை ஆரம்பிப்பது நல்லது என்று எனக்குத் தெரியவந்தபோது ஐந்து நாள் ஓடியிருந்தது. மூன்று வாரத்தில் கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை.

அது என்ன மாதிரி வலி என்று சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சட்டை உரசினால் தீ. ஃபேன் காற்று பட்டாலும் தீ. அதே இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் ஒன்றுமில்லை. வெளியே போவதென்றால் கிழிந்த பட்டு வேட்டியின் துண்டு ஒன்றை விலாவில் சுற்றிக்கொண்டு அதன் மேல்தான் சட்டை போடுவேன். பாராசிட்டமால் இதைத் தொடக்கூட இல்லை.

டாக்டர் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்தை 75 மி.கி. எழுதிக்கொடுத்து, சீட்டின் பின்பக்கம் ஒரு நரம்பு முனையையும் வரைந்து காட்டினார். துடிப்பு முனைக்கு வந்ததும் கால்சியம் சேனல் என்கிற கதவுகள் திறக்கும். கால்சியம் உள்ளே போனால்தான் அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும் ரசாயனம் வெளியே கொட்டும். இந்த மருந்து கதவை அடைப்பதில்லை. கதவோடு ஒட்டியிருக்கும் ஆல்ஃபா-2-டெல்டா என்ற துணைப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, முனைக்கு வந்து சேரும் கதவுகள் குறைகின்றன. "அதனால இன்னிக்குப் போட்டு இன்னிக்கே கேக்காதுங்க, ரெண்டு வாரம் பொறுங்க" என்றார்.

சரி, வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். இதன் அண்ணன் கேபாபென்டின். மூளையில் நரம்புத் துடிப்பை அடக்குகிற காபா என்ற ரசாயனம் மாதிரி வேலை செய்யட்டும் என்று வலிப்பு நோய்க்காக உருவாக்கியது. அமெரிக்காவில் 1993ல் அனுமதி கிடைத்தது. அது போய் உட்காரும் இடம் இந்தக் கால்சியம் சேனலின் துணைப் புரதம் என்பது தெரிந்தது 1996ல்தான். ப்ரீகாபலினை உருவாக்கிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் சில்வர்மனும் காபாவைக் கூட்டுகிற எண்ணத்தோடுதான் இறங்கினார். மாங்காய்க்கு வீசிய கல்லில் தேங்காய் விழுந்திருக்கிறது.

முதல் வாரம் காலையில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டுதான் பல் தேய்த்தேன், அப்படி ஒரு தள்ளாட்டம். வண்டியைத் தொடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் பட்டுத் துண்டு இல்லாமல் சட்டை போட்டிருப்பதைக் கவனித்தேன். வலி போய்விட்டதா என்றால் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருந்தது. அங்கே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும், ஆனால் என் வீட்டில் நான் தூங்கலாம்.

அப்புறம் 75 காலையும் இரவுமாக ஆனது. முதல் வருடத்தில் ஆறு கிலோ ஏறினேன். சாயங்காலமானால் செருப்பு வார் காலில் பதிந்து நிற்கும். வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்பது வயசாலா மருந்தாலா என்று வீட்டில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் வருடம் ஒருமுறை கிரியேட்டினின் பார்க்கிறேன்.

இரண்டு தடவை அடிபட்டேன். ஒன்று என் தப்பு. கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து மூன்று நாள் விட்டுவிட்டேன். தூக்கமில்லை, வேர்வை, வலி பழைய வேகத்தோடு வந்தது. இதைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம், அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, ஒரு மருந்துக்கடையில் 'அதேதான் சார்' என்று கொடுத்த அட்டையில் நார்ட்ரிப்டிலின் என்ற வேறொரு மருந்தும் சேர்ந்திருந்தது. நாலு நாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அட்டையைத் திருப்பிப் படித்தேன்.

அந்தக் கால்சியம் கதவையே நேராக அடைக்கிற வலி மருந்தும் உண்டு. ஸிகோனோடைட், கூம்புச் சங்கின் நஞ்சில் கண்ட பொருளைப் பார்த்துச் செய்தது, அமெரிக்காவில் 2004 டிசம்பரில் அனுமதி. ஆனால் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரில் பம்ப் வைத்துச் செலுத்த வேண்டும். அதைப் படித்ததிலிருந்து என் தள்ளாட்டத்தைப் பெரிதாகத் திட்டுவதில்லை.

ஆறு மாதமாக இரவு 75 மட்டும்தான். போன மாதம் டாக்டரைக் கேட்டு 50 ஆக்கிப் பார்த்தோம். எட்டாம் நாள் ராத்திரி பனியனைக் கழற்றி வீசினேன். மறுபடி 75. பட்டுத் துண்டு பீரோவில்தான் இருக்கிறது.