வளையமா, அச்சா, சுருளா? பாலஸ்தீனப் பேரீச்சைப் பலகாரத்தில் எதைச் சுடுவது?

பாலஸ்தீன வீடுகளில் பெருநாள் நெருங்கினால் பேரீச்சை விழுது வைத்த கஅக்கும் மஅமூலும் தட்டுத் தட்டாக அடுப்பேறும். முஸ்லிம்கள் இரண்டு பெருநாள்களுக்கும் சுடுகிறார்கள். கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்குச் சுடுகிறார்கள். வளையமான கஅக் இயேசுவின் முள்முடி, மஅமூல் சிலுவையில் அவருக்கு நீட்டப்பட்ட கடற்பஞ்சு என்று பொருள் சொல்வதும் உண்டு. இரண்டுக்கும் மாவு ஏறக்குறைய ஒன்றுதான். கையால் வளைத்தால் கஅக், அச்சில் அழுத்தினால் மஅமூல். இந்தப் போட்டியில் மூன்றாவதாக, பேரீச்சையைச் சுருட்டித் துண்டு போட்டுச் சுடும் மக்ரூத்தாவையும் சேர்க்கிறேன்.

முதலில் மாவு. மைதாவில் மட்டும் செய்தால் வேலை சுலபம், பலகாரமும் மென்மையாக வரும்; ஆனால் வாயில் மணல்மணலாக உதிர்கிற அந்தச் சுகம் போய்விடும். அது ரவையின் சொத்து. 500 கிராம் ரவைக்கு 250 கிராம் நெய்யை உருக்கி ஊற்றி, உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்துப் பிசிற வேண்டும். பிறகு மூடி ஓர் இரவு வைத்துவிட்டால் ஒவ்வொரு ரவையும் நெய்யைக் குடித்துக்கொள்ளும். மறுநாள் சிட்டிகை ஈஸ்ட்டும் வெதுவெதுப்பான பன்னீர் கலந்த தண்ணீரும் சிறிது சிறிதாகத் தெளித்துச் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசைந்தால் கெட்டது கதை. நெய்க்குப் பதில் வெண்ணெய் போடலாம், ஆனால் அதிலுள்ள ஈரம் மாவின் உதிர்தன்மையைக் குறைக்கும். வனஸ்பதியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வாசனைக்கு மஹ்லப், மஸ்தகி. மஹ்லப் என்பது ஒருவகைச் செர்ரிக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் பொடி. பாதாம் மணமும் லேசான கசப்பும் கொண்டது. மஸ்தகி ஒரு மரப்பிசின். நாட்டுமருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேளுங்கள். சர்க்கரை சேர்த்து இடிக்காவிட்டால் உரலைப் பிடித்துக்கொண்டு வராது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் என் ஓட்டு மஹ்லபுக்கு.

இனி வடிவம். அச்சு வேகமானது, பிள்ளைகளையும் உட்காரவைத்து வேலை வாங்கலாம். மர அச்சில் மாவு உருண்டையை அழுத்தி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் கோலம் பதிந்த மஅமூல் கையில் விழும். குறை என்னவென்றால், பழகாத கைக்கு ஓரமெல்லாம் மாவாகவும் நடுவில் மட்டும் பேரீச்சையாகவும் அமைந்துவிடும். முதல் கடியில் வெறும் ரவைதான்.

கஅக்கில் அந்த ஏமாற்றம் கிடையாது. மாவை விரல் கனத்துக்கு உருட்டித் தட்டையாக்கி, பேரீச்சைத் திரியை நீளவாட்டில் வைத்து மூடி, வளைத்து முனைகளை ஒட்டுகிறார்கள். எங்கே கடித்தாலும் மாவும் பழமும் சேர்ந்தே வரும். வளைக்கும்போது வெடித்தால் மாவு காய்ந்திருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிசையுங்கள். பிறகு பல்வைத்த சிறு இடுக்கியால் மேற்புறமெங்கும் கிள்ளிக் கிள்ளி முகடு எழுப்ப வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். கூட நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே கிள்ளுவதற்கென்றே வந்த பலகாரம் இது. தனியாகச் செய்பவர் அச்சையே எடுக்கட்டும்.

பூரணத்தில் மூன்றுக்கும் பேதமில்லை. கொட்டை நீக்கிய மென்மையான பழத்தை ஆவியில் காட்டி, ஒரு கரண்டி நெய், பட்டைப்பொடி, துளி ஜாதிக்காய் சேர்த்துப் பிசையுங்கள். சர்க்கரை வேண்டாம். மெட்ஜூல் என்ற விலையுயர்ந்த பேரீச்சை வகையை இதில் நசுக்குவது வீண்செலவு. அதை அப்படியே தின்னலாம்.

மக்ரூத்தாவில் நெய் இல்லை, ஆலிவ் எண்ணெய். மைதாவோடு எள், சோம்பு சேர்த்துப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, பூரணத்தைப் பரப்பி, பாய்போல் சுருட்டித் துண்டு போடுவார்கள். இரவு ஊறல் இல்லை, அச்சும் இல்லை, இடுக்கியும் இல்லை. பெருநாள் தட்டில் மஅமூல் பக்கத்தில் வைத்தால் எளிமையாகத்தான் தெரியும். ஆனால் மாலைத் தேநீருக்கு அந்த எண்ணெயின் காரலும் சோம்பும் எவ்வளவு பொருத்தம்! முதன்முறை சுடுபவர் இதில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ரவைப் பலகாரங்களுக்கு அடுப்பு 200 டிகிரி, சுமார் 15 நிமிடம். அடி பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். மேலே வெளுப்பாகவே இருக்கட்டும். சூட்டில் தொட்டால் பொடிந்துபோகும், நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் அடுக்குங்கள். மக்ரூத்தா மட்டும் மேலேயும் லேசாகச் சிவக்கலாம். அதைத் துண்டு போடுவது அடுப்பில் வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெந்த சுருளில் கத்தி வைத்தால் நொறுங்கிவிடும்.