போஸ்டரில் அவர் முகம், படத்தில் பத்து நிமிடம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற நண்பர்களே, அதிலும் குடும்பத்தோடு படத்துக்குக் கிளம்புகிறவர்களே, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். பெரிய நடிகர் படம் வந்தால் முதல் சில நாட்களுக்கு தியேட்டர் வாசலில் ஆள் வைத்து டோக்கன் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். போஸ்டரில் யார் முகம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து டிக்கெட் எடுப்பதையும் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் இந்த இரண்டும் ஒரே நாளில் நடந்தது. 1,600 ரூபாய் போனது. அதைவிட, ரொம்ப நாள் கழித்துப் படம் பார்க்க ஆசையாகக் கிளம்பி வந்த அம்மா வாடிய முகத்தோடு வீடு திரும்பினார்.

தியேட்டர் பெயரையும் படத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. மனு கொடுத்திருக்கிறேன், அது விசாரணையில் இருக்கிறது. நடிகர் பெயரையும் எழுதவில்லை. அதற்குக் காரணம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவுக்கு நடிகர் பெயர்தான் படத்தின் பெயர். பென்னாகரம் பக்கம் டென்ட் கொட்டகையில் மண் குவித்து உட்கார்ந்து எம்.ஜி.ஆர். படம், சிவாஜி படம் என்று சொல்லியே பார்த்து வளர்ந்தவர். கதை என்ன, யார் இயக்கினார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யார் நடித்தது என்று கேட்பார், அவ்வளவுதான். அதில் ஒரு நியாயமும் இருந்தது. அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர். படம் என்றால் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை எம்.ஜி.ஆர். இருப்பார். பேரைச் சொன்னால் சரக்கும் அதுதான். இப்போது பேர் ஒன்று, சரக்கு வேறு என்று ஆகிவிட்டது. அம்மா மாதிரி ஆட்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அந்த நடிகரின் முகம். சுவர் முழுக்க அவர் ஒருவர்தான். படத்தில் உண்மையான நாயகன் ஒரு புதுப் பையன். அவன் முகம் போஸ்டரின் கீழ் மூலையில், கூட்டத்தோடு கூட்டமாக, கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. ‘கௌரவத் தோற்றம்’ என்றோ ‘சிறப்புத் தோற்றம்’ என்றோ எங்கும் ஒரு எழுத்து இல்லை. முன்னோட்டத்திலும் அவர் நடந்து வருவது, திரும்பிப் பார்ப்பது, ஒரு வசனம் பேசுவது என்று முழுக்க அவரேதான். அம்மா பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து என் போனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். “சாமி, இந்தப் படத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போடா” என்றார். மூட்டு வலி வந்த பிறகு அவராக எங்கேயும் போகலாம் என்று கேட்டதே கிடையாது. அப்படிக் கேட்ட பிறகு எப்படி மறுப்பது?

கவுண்டரில் ‘ஹவுஸ் ஃபுல்’ போர்டு தொங்கியது. ஆன்லைனிலும் அதே கதைதான். கேட்டுக்குப் பக்கத்தில் மன்றத்துப் பனியன் போட்ட இரண்டு பேர் நின்றார்கள். டோக்கன் ஒன்று 400 ரூபாய். நான்கு பேருக்கு 1,600. பணம் கையில் வாங்க மாட்டார்களாம், போனில்தான் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். போனது தியேட்டர் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் எண்ணுக்கு. கொடுத்தது சதுரமாக வெட்டிய ஒரு ரோஸ் காகிதம். அதில் ரப்பர் ஸ்டாம்ப், ஒரு கையெழுத்துக் கிறுக்கல். விலை இல்லை, சீட் எண் இல்லை, காட்சி நேரம்கூட இல்லை.

உள்ளே போகும் இடத்தில்தான் கவனித்தேன். கேட்டில் நின்ற பையன் டோக்கனை வாங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தை அச்சடித்த டிக்கெட்டை எடுத்தான். நான்கை எண்ணி, பாதியாகக் கிழித்து, இரண்டு பாதியையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். “எங்க பாதியைக் குடுப்பா” என்றேன். “உள்ள போங்கண்ணா, சீட்டு எதுன்னாலும் உக்காருங்க” என்றான். விடாமல் நின்று கேட்டு ஒரு பாதியை வாங்கினேன். அதில் அச்சாகியிருந்த விலை 130 ரூபாய். மீதி 270 யாருக்குப் போனது? நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் 1,080 ரூபாய். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதன் மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் உண்டு. அதெல்லாம் அச்சிட்ட விலைக்குத்தான். ரோஸ் காகிதத்தில் போன பணத்துக்கு வரியும் இல்லை, கணக்கும் இல்லை. ஹவுஸ் ஃபுல் என்று போர்டு மாட்டிய தியேட்டரில் அந்த டிக்கெட் கத்தை கேட்டில் நிற்கும் பையனிடம் எப்படி வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

படம் ஓட ஆரம்பித்தது. அம்மா முதலில் அரை மணிக்கு ஒரு தரம், அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், “எப்படா வருவாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இடைவேளை வந்துவிட்டது, அவர் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகும் நெடுநேரம் கழித்து, ஒரு ஜெயில் காட்சியில் வந்தார். விசில் பறந்தது. ஒரு சண்டை, நாலு வசனம், ஒரு சிரிப்பு. பத்து நிமிடம் இருக்கலாம். போய்விட்டார். முன்னோட்டத்தில் பார்த்தது அத்தனையும் அந்தப் பத்து நிமிடத்திலிருந்து வெட்டி எடுத்ததுதான். “அவ்வளவுதானா?” என்று அம்மா கேட்டார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

இதில் இன்னொன்று. போஸ்டர் ஓரத்தில் ‘யுஏ 16+’ என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் போட்டிருந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. 16+ என்றால் சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, பெற்றோர் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று அர்த்தம். படத்தில் வெட்டும் குத்தும் அளவு கடந்து இருந்தது. எங்கள் வீட்டு மூன்றாம் வகுப்புப் பையன் பாதிப் படத்துக்கு அவன் அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் நடிகரின் முகத்துக்கு முன்னால் இந்த எண்ணைத் தேடுங்கள்.

வெளியே வந்து மேனேஜரைப் பார்த்தேன். “டோக்கன் வித்தது மன்றத்துக்காரங்க, எங்களுக்கு சம்பந்தமில்லை” என்றார். மன்றத்து ஆளைக் கேட்டால் “மொத்தமா ஷோவை எடுத்திருக்கோம் சார், எங்களுக்கே கட்டுபடி ஆகல” என்றார். பத்து நிமிடம்தான் வருகிறார் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, போஸ்டர் விநியோகஸ்தரிடமிருந்து வந்தது, நாங்கள் ஒட்டினோம் என்று பதில். ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று சினிமா வியாபாரம் தெரிந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன். விநியோகத்தில் நம் இரண்டு மாவட்டமும் ‘சேலம் ஏரியா’வுக்குள் வருகிறது. நடிகரின் பெயரை வைத்து ஏரியா உரிமைக்கு விலை பேசுகிறார்கள். விநியோகஸ்தர் அதே பெயரைச் சொல்லி தியேட்டரிடம் எம்ஜி, அதாவது மினிமம் கேரண்டி (படம் எவ்வளவு வசூலித்தாலும் இவ்வளவு தந்துவிட வேண்டும் என்று பேசும் தொகை) வாங்குகிறார். தியேட்டர்காரர் போட்ட பணத்தை முதல் சனி, ஞாயிறுக்குள் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் திங்கட்கிழமைக்குள் படம் எப்படி என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த அவசரம்தான் டோக்கனாக நம் தலையில் வந்து விழுகிறது. படம் போகாவிட்டால் அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. 2002-ல் பாபா எதிர்பார்த்தபடி ஓடாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார். 2008-ல் குசேலன் வந்தபோதும் தியேட்டர்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு, ஈடு கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. ரஜினி பெயரில் விற்ற அந்தப் படத்தின் கதை பசுபதி ஏற்ற முடிதிருத்துநர் பாத்திரத்தைச் சுற்றித்தான் நடக்கும். மேலிருந்து கீழே இத்தனை பேருக்குப் பணம் திரும்பும் வழி இருந்தும், டிக்கெட் எடுத்தவனுக்கு ஒரு பைசா திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “கோர்ட்டுக்குப் போ” என்று நிறைய பேர் சொன்னார்கள். 2016-ல் ஷாருக் கான் நடித்த ஃபேன் என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை. அதற்காக ஒரு பெண் நுகர்வோர் வழக்குப் போட்டார். மாநில ஆணையம் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது, தேசிய ஆணையமும் அதை ஏற்றது. ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டத்தில் காட்டியதெல்லாம் படத்தில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்ததாக ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாட்டு ஒன்று இல்லாமல் போவதும், ஆளே இல்லாமல் போவதும் எப்படி ஒன்றாகும்? ஆனாலும் இப்போதைக்கு சட்டம் அங்கேதான் நிற்கிறது. நடிகர் குறைவாக வந்தார் என்று வழக்குப் போட்டால் ஜெயிப்பது கஷ்டம்.

டிக்கெட் விலை விஷயம் அப்படி இல்லை. தியேட்டருக்கு உரிமம் கொடுப்பவர் கலெக்டர், 1955-ம் ஆண்டு தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது தப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், ரசீது தருவார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. ஆனால் கையில் கிழித்த டிக்கெட் பாதியும், பணம் போன ஸ்கிரீன்ஷாட்டும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நீங்கள் அந்தத் தியேட்டருக்குப் போனதற்கே சாட்சி இல்லை. ஆன்லைனில் டிக்கெட் இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கி, போனை அணைத்துவிடுகிற ஆட்களும் ஓசூர் பக்கம் கிளம்பியிருக்கிறார்கள். அப்படிப் பணம் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

ஓசூர் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே விடியற்காலைக் காட்சிக்கு அனுமதி கிடைப்பதில்லை. 2023 அக்டோபரில் லியோ வந்தபோதுகூட முதல் காட்சியைக் காலை 9 மணிக்குத்தான் தொடங்கச் சொன்னது அரசு. அதனால் ராத்திரியோடு ராத்திரியாக அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு பைக்கில் போகிறீர்கள். தூக்கக் கலக்கத்தில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போய், இங்கே இருப்பதைவிடப் பல மடங்கு காசு கொடுத்து, யாருக்காகப் போகிறோமோ அவர் படத்தில் எவ்வளவு நேரம் வருகிறார் என்றாவது விசாரித்துவிட்டுப் போங்கள்.

நடிகர் பெயரை ஏன் எழுதவில்லை என்றால், என் கோபம் அவர் மேல் இல்லை. “இனிமே அந்த ஆள் படமே வேண்டாம்” என்று வீட்டில் தம்பி குதித்தான். நடிகர் பேசியதோ நடந்துகொண்டதோ பிடிக்காமல் அவர் படத்தைத் தவிர்ப்பது ஒருவருடைய உரிமை. நம் ஊருக்கு அது புதிதும் இல்லை. நம் இரண்டு மாவட்டத்துக்கும் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காக 2008-ல் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்ததும், அதில் யார் என்ன பேசினார்கள், பிறகு யார் வருத்தம் தெரிவித்தார்கள் என்பதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதை வைத்து யார் படத்துக்குப் போவது என்று முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் அந்த நடிகர், நட்புக்காகச் சின்ன வேடம் செய்திருக்கிறேன் என்று ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பிறகுதான் தேடிப் பார்த்தேன். அதை மறைத்து போஸ்டர் அடித்தவர்கள் வேறு ஆட்கள். அவரைப் புறக்கணித்தால் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த படத்துக்கு வேறு முகத்தை எடுத்துக்கொள்வார்கள்.

சின்ன வேடம் என்பதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். 2022-ல் விக்ரம் படத்தின் கடைசியில் சூர்யா சில நிமிடம்தான் வந்தார். யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. போஸ்டரில் கமல், விஜய் சேதுபதி, ஃபகத் ஃபாசில் என்று உண்மையிலேயே படத்தைச் சுமந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் அந்தப் புதுப் பையனை நினைத்துத்தான். நன்றாக நடித்திருந்தான். தங்கச்சியின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வட்டிக்கடைத் திண்ணையில் காத்திருக்கிற ஒரு காட்சி. வசனமே கிடையாது, செருப்பின் அறுந்த வாரை விரலால் திருகிக்கொண்டே இருப்பான். எங்கள் வரிசையில் யாருமே அதைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு, “அவர் எப்ப வருவாரு” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தைப் போஸ்டரில் பெரிதாகப் போட்டு, 130 ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்திருந்தால் திருப்தியாகப் பார்த்துவிட்டு வந்திருப்போம், நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்லியும் இருப்போம்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் தர்மபுரியில் இதே மாதிரி ரோஸ் டோக்கன் வாங்கியவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். தனித்தனியாகக் கொடுக்கிற மனுவைவிட ஒன்றாகச் சேர்ந்து கொடுத்தால் கேட்பார்கள். வரும் திங்கட்கிழமை காலை கலெக்டர் ஆபீசுக்கு மறுபடி போகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பத்து மணிக்கு முன்னால் மனு எழுதுகிற இடத்துக்கு வந்துவிடுங்கள்.