ஒரு பெரிய நீர்த்தேக்கமா, பல சிறு தடுப்பணைகளா?

ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழைநீரைப் பிடித்து வைக்க, ஒரே பெரிய நீர்த்தேக்கம் கட்டலாம். இல்லையென்றால், மேல்பகுதி ஓடைகளில் வரிசையாகச் சிறு தடுப்பணைகள் கட்டலாம்.

ஆவியாகி வீணாவது குறைவு என்பதில் பெரியதுதான் ஜெயிக்கிறது. நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பிலிருந்து 50,000 லிட்டர் போய்விடும். 100 நாளில் அரை மீட்டர். தடுப்பணைபோல் சராசரி ஆழம் 2 மீட்டர் என்றால் கால் பங்கு காலி. பெரிய தேக்கம்போல் 20 மீட்டர் என்றால் நாற்பதில் ஒரு பங்குதான்.

சரி, தடுப்பணை எதற்கு? ஊறவிடுவதற்கு. அடியில் மணலோ சிதைந்த பாறையோ இருந்தால் தண்ணீர் வெயிலுக்குத் தப்பி நிலத்தடிக்கு இறங்கும், சுற்றுக் கிணறுகளில் மட்டம் ஏறும். அடியில் களிமண் என்றால் கட்டாமலே இருக்கலாம். வண்டல் படிந்தாலும் ஊறுவது நின்றுவிடும். கோடையில் வற்றியதும் தூர்வாரிவிடலாம் என்பது ஆறுதல். பெரிய தேக்கத்தில் அது லேசான வேலை இல்லை.

பெரிய அணை ஊர்களையே மூழ்கடிக்கலாம் என்பது தெரிந்ததே. தடுப்பணைகளின் பாதிப்பு கண்ணில் படாது. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் பிடிக்கும், ஆனால் வறண்ட ஆண்டில் எல்லாம் சேர்ந்து கீழ்ப்பகுதிக்கு வரும் முதல் வெள்ளத்தையே விழுங்கிவிடும். பெரும்பாலும் மதகும் இருக்காது, கேட்டாலும் திறந்துவிட முடியாது.

பாசனக் கிணறுகளை நம்பியிருக்கும் பகுதி என்றால், மண்ணைச் சோதித்துவிட்டு நான் தடுப்பணையையே எடுப்பேன். தொடர்ந்து இரண்டு ஆண்டு மழை பொய்த்தாலும் குடிநீர் கொடுத்தாக வேண்டும் என்றால் ஆழமான தேக்கம்தான்.