ஆர்ட்டிசோக்: காயா, மாத்திரையா, டீயா?

கல்லீரலுக்கு நல்லது என்று ஆர்ட்டிசோக் என்ற மேல்நாட்டுக் காய்கறியைத் தேடினால் காய், மாத்திரை, டீ என்று மூன்று வடிவங்களில் வந்து நிற்கும். எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள்.

முதலில் மாத்திரை, ஏனென்றால் 'ஆய்வில் நிரூபணமானது' என்ற பேச்செல்லாம் இதை வைத்துத்தான். காய் என்று நாம் சாப்பிடுவது விரியாத பூமொட்டு. மாத்திரைக்குள் இருப்பதோ செடியின் பெரிய இலைகளிலிருந்து எடுத்த சாறு. சினாரின், குளோரோஜெனிக் அமிலம் போன்ற தாவரச் சேர்மங்களுக்காகத்தான் இலையைப் பிடிக்கிறார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனைகளில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. (கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகள்) அளவுகள் ஓரளவு இறங்கின. சந்தோஷம்தான், ஆனால் சில மாதங்களில் ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் இறங்கியதை வைத்து, கல்லீரலில் விழுந்த தழும்பு ஆறிவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய மருந்து முகமையே இந்த இலையை வயிற்று உப்புசம், அஜீரணம் போன்றவற்றுக்கு மட்டும், அதுவும் நெடுங்காலப் பழக்கத்தின் அடிப்படையில்தான் ஏற்றிருக்கிறது. இன்னொன்று, இது பித்தநீர் சுரப்பைத் தூண்டும். பித்தப்பையில் கல்லோ பித்தக்குழாயில் அடைப்போ இருப்பவர்கள் தொடவே வேண்டாம்.

டீ வியட்நாமின் தா லாத் பக்கம் பிரபலம். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன செடி, அங்கே மலைக்குளிரில் நன்றாக வந்துவிட்டது. பூ, தண்டு, வேர் என எல்லாவற்றையும் காயவைத்து விற்கிறார்கள். ஒரு கோப்பையில் எவ்வளவு சத்து இறங்குகிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. குடிக்க இதமாக இருக்கும், சர்க்கரை சேர்த்த பாக்கெட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சொல்லப்போனால் கல்லீரலுக்காக ஒரு பானம்தான் வேண்டுமென்றால் காபிக்கு இதைவிடப் பலமான ஆதாரம் இருக்கிறது.

என் ஓட்டு காய்க்குத்தான். ஒரு நடுத்தர மொட்டில் சுமார் 7 கிராம் நார்ச்சத்து, 60 கலோரிதான். வேலைதான் கொஞ்சம் அதிகம்: நுனியை வெட்டி, கறுக்காமல் இருக்க எலுமிச்சை தேய்த்து, அரைமணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேகவைத்து, இதழ் இதழாகப் பிய்த்து அடிச்சதையைப் பல்லால் வழித்துத் தின்ன வேண்டும். நடுவில் இருக்கும் ரோமத்தைச் சுரண்டி எறிந்தால் அடியில் மெத்தென்ற பகுதி, அதுதான் உயிர். சாப்பிட்ட கையோடு தண்ணீர் குடித்தால் சிலருக்கு இனிக்கும்! இத்தாலியின் ரோம் நகரில் பூண்டு, புதினா, ஆலிவ் எண்ணெய் சேர்த்து மெதுவாக வேகவைப்பார்கள். அங்கேயே யூதர் பாணியில் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தும் தருவார்கள். ருசியில் இரண்டாவதுதான் ஜெயிக்கும், ஆனால் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறவர் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். உப்புநீரில் ஊறவைத்துப் புட்டியில் விற்பதை வாங்கினால் நன்றாகக் கழுவிவிட்டுச் சமையுங்கள்.

அப்புறம் சினார் என்று ஒரு இத்தாலிய மது, 1952இல் வந்தது, லேபிளில் பெரிதாக ஆர்ட்டிசோக் படம் இருக்கும். ஆல்கஹால் 16.5 சதவீதம். இதைக் கல்லீரலுக்காகக் குடிக்கிறேன் என்று எவராவது சொன்னால் கிளாஸைப் பிடுங்கிவிடுங்கள்.