முதலில் வலுவா, தாங்குதிறனா? கெட்டில்பெல் போட்டிக்கு வன்னியிலிருந்து இரண்டு வழிகள்

கெட்டில்பெல் என்பது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு; சுருக்கமாகப் பெல். இரண்டு 32 கிலோ பெல்கள் சேர்ந்தால் 64 கிலோ. 63 கிலோ எடைப் பிரிவில் இறங்கும் வீரர், தன் உடலைவிடக் கனமான இரும்பைப் பத்து நிமிடம் தரையில் வைக்காமல் தலைக்கு மேல் ஏற்றி இறக்குகிறார். இதற்கு முதலில் தேடவேண்டியது வலுவா, தாங்குதிறனா? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கெட்டில்பெல்லைத் தொட்டுப் பார்த்த இளைஞர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். பளுதூக்கலும் வலுதூக்கலும் ஓரளவு வேரூன்றிய பகுதி என்பதால், "முதலில் பாரை (தட்டுகள் மாட்டிய நீண்ட இரும்புத் தண்டை) ஏற்று, பெல் தானாக வரும்" என்று சொல்லும் அண்ணன்மார் இங்கே நிறைய. "பெல்லோடு பத்து நிமிடம் நிற்கப் பழகு, பாரம் பிறகு பார்க்கலாம்" என்பது மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்து என்று கொடுக்கும்போதுதான் ஆட்கள் வீணாகிறார்கள்.

விதிகளை ஒருமுறை பார்த்துவிடுவோம். ஜெர்க், லோங் சைக்கிள், ஸ்னாட்ச் என்று தூக்குகள் மூன்று வகை. ஜெர்க்கில் இரண்டு பெல்களும் நெஞ்சிலிருந்து மேலே போகின்றன. லோங் சைக்கிளில் ஒவ்வொரு முறையும் பெல்களைக் கால்களுக்கு இடையே இறக்கி, மறுபடி நெஞ்சுக்கு எடுத்து, அங்கிருந்து ஜெர்க் செய்ய வேண்டும். ஸ்னாட்சில் ஒற்றைப் பெல்லைக் கால்களுக்கு இடையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் எடுக்க வேண்டும், ஒரேயொரு தடவை கை மாற்றலாம். மேலே முழங்கையும் முழங்காலும் நேராகி, அசைவு நின்ற பிறகே நடுவர் எண்ணுவார். பெல்லைத் தரையில் வைத்தால் அத்தோடு முடிந்தது. 16, 24, 32 என்ற நிறைகள் ரஷ்யாவின் பழைய அளவான பூட்டிலிருந்து வந்தவை. ஒரு பூட் என்பது 16.38 கிலோ. தானியச் சந்தையில் எடைக்கல்லாக இருந்த இரும்பை விளையாட்டாக்கியவர்கள் அவர்கள். நெல் நிறுத்து வாழும் நமக்கு அது அந்நியமான பிறப்பு அல்ல.

பத்து நிமிடம் என்பது தொடக்கத்திலேயே இருந்த விதி அல்ல. 1985இல் லிபெட்ஸ்க் நகரில் சோவியத் ஒன்றியத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தபோது நேர எல்லை இருக்கவில்லை. 1989இல்தான் அது வந்தது. எல்லை இல்லாதபோது மெதுவாகத் தூக்கி, நீண்ட நேரம் இளைப்பாறி, எதிராளி களைக்கும்வரை நிற்பவருக்கு வாய்ப்பு அதிகம். கடிகாரம் வந்ததும் வேகம் புள்ளியாகிவிட்டது. நிமிடத்துக்கு ஆறு தூக்குபவரும் பத்து தூக்குபவரும் கடைசிவரை நின்றால் 60க்கும் 100க்கும் உள்ள இடைவெளியோடு முடிப்பார்கள். வலுவின் பக்கம் பேசுபவர்களின் கையில் உள்ள மிக நல்ல வாதம் இதுதான். அதை அவர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் குறை.

அந்த வாதத்தைக் கணக்காகப் பார்ப்போம். இரண்டு 24 கிலோ பெல்கள் 48 கிலோ. ஒரே தடவை ஜெர்க்கில் 60 கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாதவருக்கு அது அவருடைய முழு வலுவில் 80 வீதம். அந்தப் பாரத்தோடு அவர் சில நிமிடங்கள் நிற்பதே பெரிது. எத்தனை மூச்சுப் பயிற்சி செய்தாலும் ஒவ்வொரு தூக்கும் அவருக்குக் கடைசித் தூக்குப் போலவே இருக்கும். 96 கிலோ ஏற்றக்கூடியவருக்கு அதே பாரம் சரிபாதி. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு வலுவைக் கூட்டாமல் வழியில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

ஆனால் 96 ஏற்றுபவர் உண்மையில் எங்கே விழுகிறார் என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் அழகாகப் போகும். மூன்றாம் நிமிடத்தில் பெல் கீழே வரும்போது விரல்கள் பயத்தில் இறுகுகின்றன. இறுகிய பிடி முன்கைத் தசைகளுக்குள் ஓடும் குருதிக் குழாய்களை நசுக்குகிறது. குருதி நுழையாத தசை கல்லாக விறைத்து வீங்குகிறது. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த மக்னீசியத் தூள் வியர்வையில் பசையாகி, கைப்பிடி விரல் நுனிகளுக்கு நழுவுகிறது. காலில் பலம் இருக்கிறது, நெஞ்சில் மூச்சு இருக்கிறது, "கை விரிகிறது அண்ணை" என்று சொல்லிக்கொண்டே பெல்லை வைத்துவிடுகிறார். குளம் நிரம்பியிருந்தாலும் வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. அவருக்கு இன்னும் 20 கிலோ பாரை ஏற்றிக் கொடுப்பதால் அந்த மூன்றாம் நிமிடம் நான்காம் நிமிடம் ஆகப்போவதில்லை.

தாங்குதிறன் வழி சீர்செய்வது இதைத்தான். 16 கிலோவோடு, நிதானமான வேகத்தில், பத்து நிமிடம் முழுவதும். அங்கே முதலில் கற்பது தூக்குவதை அல்ல, பாரத்தின் கீழ் இளைப்பாறுவதை. ஜெர்க்கில் முழங்கைகளை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி, முழங்கால்களை நேராக்கி நின்றால் பாரத்தின் பெரும்பகுதியைத் தோளும் கையும் அல்ல, எலும்புகள் சுமக்கின்றன. அந்த நிலையில் இரண்டு மூன்று மூச்சு விட்டு அடுத்த தூக்குக்குப் போகலாம். முழங்கை இடுப்புக்கு எட்டாதவர், மேல்முதுகு வளையாதவர் எவ்வளவு வலுவானவராக இருந்தாலும் ஓய்வெடுக்க வேண்டிய இடத்திலேயே களைத்துப்போவார். ஸ்னாட்சில் ஓய்வு மேலே, கை நேராக நிற்கும்போது. பிடி தளர வேண்டிய இடமும் அதுவே. விரல்கள் பெல்லைத் தாங்கும் கொக்கிகளாக இருக்க வேண்டும், அதை நெரிக்கக் கூடாது.

வன்னியின் உடல்கள் ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்களில் அறுவடைக் காலத்தில் லொறிக்கு நெல் மூட்டை ஏற்றிப் பழகியவருக்கு முதுகும் தொடையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டு நிமிர்ந்து மூச்சு வாங்கி அடுத்ததை எடுக்கிறார். அவருடைய வேலையில் இடைவெளி உண்டு. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுத்து வளர்ந்தவரின் கதை வேறு. நனைந்த கயிற்றைப் பிடித்து, மணலில் காலூன்றி, வலை கரை சேரும்வரை விடாமல் இழுத்த கை அது. அவருக்கு ஸ்னாட்ச் பெல்லைக் கொடுத்தால் பிடி கடைசிவரை நிற்கிறது. 24 கிலோ ஜெர்க்கில்தான் தலைக்கு மேல் முழங்கை நேராக மறுக்கிறது. முன்னவரைப் பாரோடு கட்டிப்போடுவதும் பின்னவரை இன்னும் நீண்ட செட்டுகளுக்கு (பெல்லை வைக்காமல் செய்யும் தொடர் தூக்குகளுக்கு) அனுப்புவதும் இருப்பதையே மறுபடி கொடுப்பதுதான்.

வெயிலும் இந்தக் கணக்கில் வரவேண்டும். சூட்டில் உடல் தன்னைக் குளிர்விக்கக் குருதியைத் தோலுக்கு அனுப்புகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கொட்டகைக்குள் நின்று பத்து நிமிடச் செட் எடுத்து, எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துத் தன் தாங்குதிறன் போய்விட்டது என்று மனம் உடைந்தவர்கள் உண்டு. போனது தாங்குதிறன் அல்ல. நீண்ட செட்டுகளை விடியற்காலைக்கு வைத்து, நடுவே நன்றாக ஓய்வெடுத்துச் செய்யக்கூடிய பார்ப் பயிற்சியை மாலைக்குத் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும். மாரியில் இந்தக் கவலை குறைவு.

கருவி விடயத்தில் பார்வழிக்கே அனுகூலம். பாரும் தட்டுகளும் பல இடங்களில் இருக்கின்றன. கடைகளில் கிடைக்கும் வார்ப்பிரும்புப் பெல்லோ நிறை கூடக் கூடப் பருமனும் கூடும் வகை. போட்டிப் பெல் எந்த நிறையானாலும் ஒரே அளவு. அதனால் 16இல் முன்கையும் நெஞ்சும் கற்ற இடம் 24இலும் மாறாது. கைக்காசு குறைவென்றால், ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு சோடி 16 கிலோ போட்டிப் பெல்லை வாங்குங்கள். தனித்தனியாக ஐந்து விதமான இரும்பு வாங்குவதைவிட அது மேல்.

எந்தப் போட்டிக்குப் போகிறீர்கள் என்பதும் தராசைச் சாய்க்கும். ஜெர்க்கில் காலின் வலு நேரடியாகப் பேசும். ஸ்னாட்சில் பிடிதான் நீதிபதி. 24 கிலோவை நிமிடத்துக்கு 20 வீதம் பத்து நிமிடம் வீசினால் 200 தூக்குகள், ஒரு கைக்கு 100. இரண்டையும் சேர்த்த இரட்டைப் போட்டியில் ஒரு ஸ்னாட்சுக்கு அரைப் புள்ளி, ஒரு ஜெர்க்குக்கு ஒரு புள்ளி. லோங் சைக்கிள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கும். புதியவர்களை நான் அதில் இறக்குவதில்லை.

என் தெரிவு இது. இங்கே வரும் பெரும்பாலானோர் உடல் வேலை தெரிந்தவர்கள். ஆகவே 16 கிலோவின் பத்து நிமிடத்தை முதலில் முடிக்கட்டும். கிழமைக்கு இரண்டு நாள், நீண்ட செட்டுகள் இல்லாத நாட்களில், குந்தி எழுதலும் தலைக்கு மேல் தள்ளுதலும் பாரோடு, குறைந்த எண்ணிக்கையில். பெண்களுக்கான போட்டிகளில் ஒற்றைப் பெல்லே நெடுங்கால வழக்கம் என்பதால், அவர்கள் ஸ்னாட்சோடு தொடங்கிப் பிடியைப் பேண வேண்டும். தொடக்கத்திலேயே 16 கனமாக இருந்தால் 8, 12 என்று ஏறட்டும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒவ்வொரு செட்டும் ஏன் முடிந்தது என்பதைக் கொப்பியில் ஒரு சொல்லில் எழுதுங்கள்: கை, மூச்சு, கால், முழங்கை. ஒரு மாதத்தில் 'கை' அல்லது 'மூச்சு' அதிகமாக வந்தால் நிறையைத் தொடாமல் நேரத்தை நீட்டுங்கள். 'கால்' அல்லது 'முழங்கை' வந்தால் பாருக்குப் போங்கள். நான்கும் கலந்து வந்து, பத்தாம் நிமிடத்திலும் மேலே அசைவின்றி நிறுத்த முடிகிறதென்றால் 24ஐ எடுக்கலாம். அப்போதும் முதலில் இரண்டு நிமிடச் செட்டுகளாக.