பிராட்வே சாலை: டெக்சாஸ் கொடுத்த பரிசும் திரும்பப் பிடுங்கிய விதமும்

டெக்சாஸ் அரசின் 'நெடுஞ்சாலையை ஊருக்கே கொடுக்கும்' சேவைக்கு என் ரேட்டிங் 5க்கு 1. அந்த ஒன்றும் சான் ஆன்டோனியோ மாநகராட்சி பட்ட பாட்டுக்காகத்தான்.

2013இல் டெக்சாஸ் போக்குவரத்துத் துறை ஆரம்பித்தது இது. நகரங்களுக்குள் ஓடும் மாநிலச் சாலைகளில் போவது பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள்தான், அதனால் இனி குழி அடைப்பது, சிக்னல், புல் வெட்டுவது எல்லாம் உங்கள் பாடு என்றார்கள். சாலை வருகிறது, கூடவே காசு வரவில்லையே என்று நகரங்கள் கத்தவும், சரி, விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்கள்.

சான் ஆன்டோனியோவுக்கு விருப்பம் இருந்தது. பிராட்வே தெருவில் ஐ-35 நெடுஞ்சாலையிலிருந்து ஹில்டெப்ராண்ட் தெரு வரை சுமார் இரண்டு மைல், அரசுக் காகிதத்தில் அதன் பெயர் லூப் 368, அதைக் கொடுக்க 2014இல் அரசு சம்மதித்தது. பக்கத்திலேயே கடைகளும் உணவகங்களும் உள்ள பேர்ல் வளாகம், வடக்கே 'விட்டே' (Witte) அருங்காட்சியகம், நடந்து திரிய வேண்டிய இடம், ஆனால் நடுவில் ஆறு லேன் ஓடுகிறது. அதை நாலாக்கி அகலமான நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட 2017இல் மாநகராட்சி கடன் வாங்க மக்களிடம் ஒப்புதல் கேட்கும் கடன் பத்திரத் தேர்தலில் மக்கள் 4.2 கோடி டாலருக்கு ஓட்டுப் போட்டார்கள். வரைபடமெல்லாம் தயாரான பிறகு, 2022 ஜனவரியில் மாநிலப் போக்குவரத்து ஆணையம் கூடி, எட்டு வருஷத்துக்கு முந்தைய முடிவை ரத்து செய்து சாலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. நெரிசலைக் குறைப்பதுதான் எங்கள் கொள்கை, லேனைக் குறைக்க விடமாட்டோம் என்பது காரணம். இதை 2014இலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

இதே சேவை கலிஃபோர்னியாவில் எவ்வளவோ மேல். அங்கே மாநிலச் சாலையின் எந்தத் துண்டைக் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதுகிறார்கள். நிபந்தனைகளை மாநிலப் போக்குவரத்து ஆணையம் முடிவு செய்யும், சாலையைக் கொடுக்கும் தீர்மானம் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவாளரிடம் பதிவானால்தான் கைமாறியதாகக் கணக்கு. எனக்குப் பிடித்தது, இந்தச் சட்டப் பிரிவுகளில் வழக்கமாக வரும் ஒரு வரி: அந்தத் துண்டு இனி மாநில நெடுஞ்சாலை இல்லை, மறுபடி எடுத்துக்கொள்ளவும் முடியாது. வெஸ்ட் ஹாலிவுட் 1999இல் சாண்டா மோனிகா பொலிவார்டை இப்படி வாங்கித்தான் மரமும் நடைபாதையுமாக மாற்றியது. குறையும் உண்டு. மாநிலச் சாலை அந்தப் பக்கம் தொடர்கிறது என்று வழிகாட்டும் பலகைகளை நகரமே பராமரிக்க வேண்டும், பராமரிப்புச் செலவும் காலத்துக்கும் நகரத்தின் தலையில்தான். 5க்கு 4.

தமிழ்நாட்டிலும் 2017இல் இதன் ஒரு வெர்ஷனை முயன்றார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், தடையிலிருந்து கடைகள் தப்பிக்கட்டும் என்று, நகருக்குள் வரும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றக் கிளம்பினார்கள். சாலையை வாங்கிக்கொள்ள உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களே அப்போது இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். அப்படி மாற்றிய சாலைகளில் மூன்று மாதத்துக்குக் கடை திறக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. நடைபாதைக்காக யாரும் கேட்டு வாங்காத சாலை, அதற்கு ரேட்டிங்கே கிடையாது.

சாலை வாங்கப்போகும் நகராட்சிகள் பணத்தையும் பதிவையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள், வரைபடக்காரரை அப்புறம் கூப்பிடலாம்.