தடைக்காலத்தில் மரப்படகை நம்பி ஏற்றக்கூடிய பட்டறை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடை 45 நாளாக இருந்த காலத்தில் பழுது பார்ப்பதெல்லாம் அவசரக் கோலம்தான். இப்போது 61 நாள் கிடைக்கிறது. நல்ல பட்டறை அமைந்தால் அடிப்பலகை வரை பார்த்துவிடலாம். இந்த ஆண்டு மண்டபம் வடக்குக் கடல் பக்கம் உள்ள ஒரு படகுப் பட்டறையில் என் படகை ஏற்றினேன். மரப்படகு வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

படகின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டிய கையோடு அங்கே பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை. மேஸ்திரி படகின் முன்முனையான அணியத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் தட்டிக் கேட்கிறார். படகின் அடிமரமான ஏராக்காலுக்கு மேலே ஒரு பலகையில் சத்தம் பொத்தென்று விழுந்தது. உளியை வைத்ததும் மண்ணில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே பெயிண்ட் பளபளக்க, உள்ளே முழுக்கப் புழு அரித்திருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் அறுத்தார். என் படகை முன்பு பழுது பார்த்த வேறோர் பட்டறையில் அதே பலகைமேல் மக்குப் பசை பூசி அனுப்பியிருக்கிறார்கள். கடலில் அந்தப் பலகை விட்டுப்போயிருந்தால் ஆள் உயிர் போயிருக்கும். நினைத்தால் இன்னமும் ஆத்திரம் வருகிறது.

பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலையை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பஞ்சுத் திரியை இடுக்கில் வைத்து இறுக்கும்போது, மந்தமாக விழுந்த அடி கணீரென்று மாறும்வரை கையை எடுக்கவில்லை. அதன் பிறகே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார்கள். அதைவிடப் பெரிய விஷயம் நிழல். சித்திரை வெயிலில் வெறுமனே கிடந்தால் பலகை சுருங்கி இடுக்கெல்லாம் வாய் திறந்துவிடும். இவர்கள் ஓலைப் பந்தல் போட்டு, ஈரச் சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார்கள். தனிக் காசு கேட்கவில்லை. கூலி மற்ற இடங்களைவிடக் கூடுதல்தான், ஆனால் தகும்.

குறை, இயந்திரப் பக்கம். இயந்திரத்தையும் படகைத் தள்ளும் விசிறியையும் இணைக்கும் ஷாஃப்ட் வேலைக்கு வெளியாளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் சொன்ன நாளில் வரவில்லை. விசிறியோரம் பொருத்தும் துத்தநாகக் கட்டிமேல் ஒரு பையன் பெயிண்ட் அடிக்கப் போனான், தடுத்துவிட்டேன். அது கரைந்தால்தான் விசிறி அரிக்காமல் தப்பும். மூடிவிட்டால் இருந்தும் பயனில்லை. அந்த வேலையின்போது கூடவே நில்லுங்கள்.

இடம் வேண்டுமென்றால் பங்குனியிலேயே சொல்லிவையுங்கள். தடை தொடங்கிய பிறகு போனால் தளம் நிறைந்திருக்கும்.